பெம் ஃபைலைப் பிரித்துப் படிப்பது எப்படி: சான்றிதழ், கீ, நடுவில் வரும் எரர்கள்

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே யாராவது ஒரு ஃபைலை அனுப்பி, "இதை சர்வர்ல போட்டுடுங்க" என்பார்கள். பெயரின் கடைசியில் .பெம் என்றோ .சிஆர்டி என்றோ .கீ என்றோ இருக்கும். திறந்தால் ஐந்து கோடுகள், நடுவில் பிகின் சர்டிபிகேட், மறுபடி ஐந்து கோடுகள், கீழே இருபது முப்பது வரிக்கு அர்த்தமில்லாத எழுத்துக் குவியல், கடைசியில் எண்ட் சர்டிபிகேட். சரி என்று போட்டால் புரோகிராம் "நோ ஸ்டார்ட் லைன்" என்று கத்தும், இல்லாவிட்டால் "இல்லீகல் பேஸ்64 கேரக்டர் 2டி" என்று புதிர் போடும். உடனே ஃபைல் பெயரை மாற்றிப் பார்ப்பது, முதல் வரியை அழித்துப் பார்ப்பது, தேடலில் முதலில் வந்த கமாண்டை அர்த்தம் தெரியாமல் ஓட்டிப் பார்ப்பது என்று ஒரு மதியம் காலியாகிவிடும்.

உண்மையில் இதில் இருப்பது நான்கே அடுக்குகள். வெளியே பெயர் எழுதிய வரி, அதற்குள் பேஸ்64 எழுத்துகள், அவற்றைப் பிரித்தால் டெர் என்ற பைட் வரிசை, அந்தப் பைட்டுகளுக்குள் சான்றிதழ் (சர்வர் யார் என்று உறுதிசெய்யும் ஆவணம்) அல்லது கீ (அதற்கு ஜோடியான சாவி எண்கள்). எரர் எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று பிடிக்கத் தெரிந்தால் போதும், மீதியை லைப்ரரி பார்த்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு அடுக்காக உரித்துக்கொண்டே போவோம்.

தொடங்கும் முன் ஒன்று. கமாண்டுகளையும் பெயர்களையும் இங்கே தமிழ் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

வெளி வரியை முதலில் படியுங்கள்

பெம் என்பது பிரைவசி என்ஹான்ஸ்டு மெயில் என்பதன் சுருக்கம். மின்னஞ்சலை மறையாக்கி அனுப்புவதற்காக எழுதிய தரம் அது, 1993இல் ஆர்எஃப்சி 1421 முதல் 1424 வரை நான்கு ஆவணங்களாக வந்தது. மின்னஞ்சலுக்கு அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. ஆனால் பைனரியை எழுத்தாக்கி, மேலும் கீழும் கோடு போட்டு அனுப்பும் அந்த உறை மட்டும் தப்பிப் பிழைத்துவிட்டது. பல வருடம் ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதிக்கொண்டிருந்ததை 2015இல் ஆர்எஃப்சி 7468 ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது: வரிக்குச் சரியாக 64 எழுத்து, கடைசி வரி மட்டும் குறையலாம்.

பிகின் என்பதற்குப் பிறகு வரும் சொற்கள் பார்சல் மேலே ஒட்டிய சீட்டு மாதிரி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்பவை அவைதான். ஃபைல் பெயரின் வால் எதையும் உறுதிப்படுத்தாது. .சிஆர்டி என்ற பெயரில் பைனரி டெர் இருக்கலாம், .பெம் என்ற பெயரில் கீயும் சான்றிதழும் ஒன்றாக இருக்கலாம். அதனால் யாராவது "பெம் ஃபைல் அனுப்புங்க" என்று கேட்டால், எதன் பெம் என்று திருப்பிக் கேளுங்கள்.

சர்டிபிகேட் என்றிருந்தால் எக்ஸ்.509 சான்றிதழ். சர்டிபிகேட் ரிக்வெஸ்ட் என்றிருந்தால் அது சான்றிதழ் கேட்டு அனுப்பும் விண்ணப்பம்தான். விண்ணப்பத்தைக் கொண்டுபோய் சர்வரில் வைத்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. பப்ளிக் கீ, ஆர்எஸ்ஏ பப்ளிக் கீ இரண்டும் வேறு வேறு (ஆர்எஸ்ஏ என்பது ஒரு கீ வகை). முதலாவதில் எந்த வகைக் கீ என்ற தகவலும் சேர்ந்து இருக்கும், இரண்டாவதில் வெறும் ஆர்எஸ்ஏ எண்கள் மட்டும்.

பிரைவேட் கீயில்தான் குழப்பம் அதிகம், அங்கே கொஞ்சம் நிதானியுங்கள். வெறும் பிரைவேட் கீ என்றிருந்தால் அது பிகேசிஎஸ்8, எந்த வகைக் கீக்கும் பொதுவான வடிவம். ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ என்றிருந்தால் பழைய பிகேசிஎஸ்1, ஆர்எஸ்ஏவுக்கு மட்டுமான வடிவம். ஈசி பிரைவேட் கீ என்றிருந்தால் நீள்வட்ட வளைவுக் கீயின் பழைய வடிவம். என்கிரிப்டட் பிரைவேட் கீ என்றிருந்தால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பிகேசிஎஸ்8. ஒரே ஆர்எஸ்ஏ கீயைப் பிகேசிஎஸ்1 ஆகவும் எழுதலாம், பிகேசிஎஸ்8 ஆகவும் எழுதலாம். 2048 பிட் கீ என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 26 பைட், "இது ஆர்எஸ்ஏ கீ" என்று முன்னால் சொல்லும் ஒரு முகப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒன்றை எதிர்பார்க்கும் ஃபங்ஷனிடம் மற்றதைக் கொடுத்தால் அது ஏற்காது. சீட்டில் உள்ள ஆர்எஸ்ஏ என்ற சொல்லைக் கையால் அழித்தால் பிகேசிஎஸ்8 ஆகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆகாது, உள்ளே இருக்கும் பைட்டுகள் மாறவில்லையே.

ஓப்பன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ என்று ஒன்று வரும். பார்க்க இதே குடும்பம் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது டெர் கிடையாது, ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சொந்த வடிவம். 2018இல் வந்த 7.8 பதிப்பிலிருந்து எஸ்எஸ்எச்-கீஜென் இயல்பாகவே இதைத்தான் எழுதுகிறது. டிஎல்எஸ் (இணைய இணைப்பை மறையாக்கும் முறை) லைப்ரரியிடம் இதைக் கொடுத்தால் பெரும்பாலும் முழிக்கும்.

பேஸ்64ஐ ஒரு தடவை கையால் பிரித்துப் பாருங்கள்

இதை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை செய்தால் போதும், அப்புறம் எந்தப் பெம் ஃபைலைப் பார்த்தாலும் பயம் வராது. உதாரணத்துக்கு, சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டின் மூலச் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1ஐ எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதன் முதல் எட்டு எழுத்துகள்: பெரிய எம், பெரிய ஐ, பெரிய ஐ, பெரிய எஃப், சின்ன ஏ, சின்ன இசட், பெரிய சி, பெரிய சி.

பேஸ்64இல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. பெரிய ஏ முதல் இசட் வரை 0 முதல் 25, சின்ன ஏ முதல் இசட் வரை 26 முதல் 51, இலக்கங்கள் பத்துக்கும் 52 முதல் 61, பிளஸ் 62, ஸ்லாஷ் 63. ஒரு எழுத்து ஆறு பிட். நாலு எழுத்து சேர்ந்தால் 24 பிட், அதாவது மூன்று பைட்.

முதல் நாலு எழுத்து 12, 8, 8, 5. பிட்டாக எழுதினால் 001100 001000 001000 000101. இதையே எட்டெட்டாக வெட்டினால் 00110000 10000010 00000101. ஹெக்ஸில் 30 82 05. அடுத்த நாலு எழுத்து 26, 51, 2, 2. அதே மாதிரி வெட்டினால் 6பி 30 82.

இப்போது டெர் அடுக்குக்குள் வந்துவிட்டோம். டெரில் எதை எடுத்தாலும் மூன்று பகுதி: இது என்ன வகை, எவ்வளவு நீளம், அப்புறம் சரக்கு. 30 என்றால் சீக்வென்ஸ், பல பொருள்கள் கொண்ட கட்டு. 82 என்றால் "அடுத்த இரண்டு பைட்டில் நீளம் இருக்கிறது" என்று பொருள். அந்த இரண்டு பைட் 05 6பி, அதாவது 5 பெருக்கல் 256 கூட்டல் 107, மொத்தம் 1387. முகப்பு நாலு பைட்டையும் சேர்த்தால் ஃபைல் 1391 பைட். சரிபார்த்துவிடலாம்: 1391ஐ மூன்று மூன்றாகப் பிரித்தால் 463 முழுக் கட்டும் இரண்டு பைட் மிச்சமும் வரும், ஆக 464 கட்டு, 1856 எழுத்து, வரிக்கு 64 வீதம் சரியாக 29 வரி. மிச்சம் இரண்டு பைட் என்பதால் கடைசியில் ஒரு சமக்குறி. ஃபைலைத் திறந்து வரியை எண்ணுங்கள், அப்படியே இருக்கும்.

சான்றிதழ்கள் ஏன் எல்லாமே எம்ஐஐ என்று தொடங்குகின்றன என்ற கேள்விக்கும் இதுவே பதில். வெளியே ஒரு சீக்வென்ஸ், அதன் நீளத்துக்கு இரண்டு பைட், அது எப்போதும் 30 82. அந்த இரண்டு பைட்டை பேஸ்64 ஆக்கினால் எம், ஐ, அப்புறம் வழக்கமான அளவுகளுக்கு இன்னொரு ஐ. நாலாவது எழுத்து நீளத்தைக் காட்டும்: டி என்றால் 768க்கு மேல், ஈ என்றால் 1024க்கு மேல், எஃப் என்றால் 1280க்கு மேல். சின்னக் கீகள் வேறு மாதிரி தொடங்கும். பி-256 வளைவின் ஈசி பிரைவேட் கீ எம்எச் என்று தொடங்கும், மூன்றே வரியில் முடிந்துவிடும். இடி25519 பிரைவேட் கீ பிகேசிஎஸ்8 வடிவில் 48 பைட்தான், சரியாக ஒரே வரி. அதைப் பார்த்து "ஃபைல் பாதியில் அறுந்துவிட்டது" என்று நினைக்க வேண்டாம்.

இதே சான்றிதழில் இன்னும் ஒரு அடி உள்ளே போவோம். இரண்டாவது நாலு எழுத்தைப் பிரித்தபோது கடைசியில் 30 82 என்று மறுபடி வந்தது அல்லவா, அது உள்ளே இருக்கும் இன்னொரு சீக்வென்ஸ். அதன் நீளம் 03 53, அதாவது 851. கையெழுத்து போடப்படும் பகுதி முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. அதற்குள் முதலில் ஏ0 03 02 01 02 என்று ஐந்து பைட். இதுதான் பதிப்பு எண். எண்ணுவது சுழியத்திலிருந்து என்பதால் 2 என்றால் மூன்றாம் பதிப்பு. அடுத்து 02 11: ஒரு முழு எண், 17 பைட் நீளம். சான்றிதழின் வரிசை எண் இது. 00 82 10 என்று தொடங்கும். முன்னால் அந்த 00 எதற்கு? 82 என்ற பைட்டின் முதல் பிட் 1. டெரில் முழு எண்ணின் முதல் பிட் 1 ஆக இருந்தால் அது எதிர்ம எண் என்று பொருள். அப்படி ஆகிவிடாமல் இருக்க ஒரு சுழியப் பைட்டை முன்னால் சேர்த்திருக்கிறார்கள். ஒரு கருவி வரிசை எண்ணை 00 உடனும் இன்னொன்று 00 இல்லாமலும் காட்டுவதற்குக் காரணம் இதுதான். இரண்டும் ஒரே எண். எழுத்தாக ஒப்பிடும் புரோகிராம் எழுதினால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள்.

மீதிக் கணக்கும் அழகாகப் பொருந்தும். 1387இல் 855 போனால் 532. அதில் 15 பைட் எந்த முறையில் கையெழுத்து போட்டார்கள் என்று சொல்லும். மீதி 517இல் முகப்பு ஐந்து, கையெழுத்து 512. 512 பைட் என்றால் 4096 பிட், அந்த மூலச் சான்றிதழின் ஆர்எஸ்ஏ கீயின் அளவு அதுவேதான்.

கருவியிடம் விடுங்கள்

கையால் பிரித்தது புரிவதற்காக. அன்றாட வேலைக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் போதும். லினக்ஸில் பெரும்பாலும் இருக்கும், மேக்கில் அந்தப் பெயரில் இருப்பது லிப்ரெஎஸ்எஸ்எல், அதனால் சில ஆப்ஷன்கள் மாறலாம். விண்டோஸில் வேறெதுவும் கிடைக்காவிட்டால் சர்ட்யுடில் -டம்ப் என்று கொடுத்துப் பாருங்கள்.

சான்றிதழைப் படிக்க:

ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -இன் சர்வர்.பெம் -நோஅவுட் -டெக்ஸ்ட்

இதில் புதியவர் பார்க்க வேண்டியது மூன்றே இடம். ஒன்று, செல்லுபடித் தேதி. தேதிகள் எல்லாம் கிரீனிச் நேரத்தில் இருக்கும். ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1இல் 2035 ஜூன் 4, 11:04:38 என்று முடிவு போட்டிருந்தால் நம் கடிகாரத்தில் அது மாலை 4:34:38. இரண்டு, சப்ஜெக்ட் ஆல்டர்னேட்டிவ் நேம் என்ற பகுதி. உங்கள் தளத்தின் பெயர் இங்கே இருக்க வேண்டும். மேலே சப்ஜெக்ட் என்ற இடத்தில் காமன் நேமில் பெயர் இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை, 2017இல் வந்த குரோம் 58இலிருந்தே அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மூன்று, இஷ்யூவர், அதாவது யார் கையெழுத்து போட்டது. அது யார் என்று தெரிந்தால்தான் இடைச் சான்றிதழ் (உங்கள் சான்றிதழை மூலச் சான்றிதழோடு இணைப்பது) எது வேண்டும் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை: ஒரே ஃபைலில் மூன்று சான்றிதழ் இருந்தாலும் இந்தக் கமாண்டு முதலாவதை மட்டுமே காட்டும், மீதி இருப்பதாகவே சொல்லாது. எல்லாவற்றையும் பார்க்க:

ஓப்பன்எஸ்எஸ்எல் ஸ்டோர்யுடிஎல் -நோஅவுட் -டெக்ஸ்ட் -சர்ட்ஸ் செயின்.பெம்

வரிசையும் முக்கியம். உங்கள் தளத்தின் சான்றிதழ் முதலில், அதைக் கையெழுத்திட்ட இடைச் சான்றிதழ் அடுத்து. மூலச் சான்றிதழைச் சேர்க்கத் தேவையில்லை, அது எதிர்முனையிலேயே இருக்கும். சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் என்ற கருவியைப் பயன்படுத்தினால் ஃபுல்செயின்.பெம் என்ற ஃபைலில் இந்த வரிசை தயாராகவே இருக்கும். சர்ட்.பெம் என்பதை எடுத்து வைத்துவிட்டு, "என் பிரவுசரில் வருது, போன் ஆப்ல மட்டும் வரலை" என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். சில பிரவுசர்கள் விடுபட்ட இடைச் சான்றிதழைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், ஆப்புகள் பெரும்பாலும் அப்படிச் செய்யாது.

கீயைப் பார்க்க பிகீ என்ற துணைக் கமாண்டு. -டெக்ஸ்ட் கொடுத்தால் ரகசிய எண்கள் எல்லாம் திரையில் கொட்டும், பக்கத்தில் யாராவது திரையைப் பகிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் வம்பு. அதற்குப் பதில்:

ஓப்பன்எஸ்எஸ்எல் பிகீ -இன் கீ.பெம் -நோஅவுட் -டெக்ஸ்ட்_பப்

இது பப்ளிக் பகுதியை மட்டும் காட்டும். சீட்டே சந்தேகமாக இருந்தால் ஏஎஸ்என்1பார்ஸ் என்ற துணைக் கமாண்டு இருக்கிறது. அது சீட்டைப் பற்றிக் கவலைப்படாமல் டெர் அடுக்கை அப்படியே வரிவரியாகக் காட்டும். ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1க்கு ஓட்டினால் முதல் வரியில் நீளம் 1387, அடுத்த வரியில் 851 என்று, நாம் கையால் கண்டுபிடித்த அதே எண்கள் வந்து நிற்கும்.

புரோகிராம் எழுதும்போது

முதல் விதி: பிகின் வரியையும் எண்ட் வரியையும் ரீப்ளேஸ் போட்டு வெட்டி எறிந்துவிட்டு மீதியை பேஸ்64 டிகோடரிடம் கொடுக்காதீர்கள். பழைய ஜாவா கோடில் இது கொள்ளை கொள்ளையாகக் கிடைக்கும். ஒரு நல்ல ஃபைலில் ஓடும். அதே ஃபைலில் இரண்டு சான்றிதழ் இருந்தாலோ, மேலே யாராவது குறிப்பு எழுதியிருந்தாலோ, பிஎஃப்எக்ஸ் ஃபைலிலிருந்து (கீயையும் சான்றிதழையும் ஒன்றாகக் கட்டிய பைனரி) எடுத்ததால் பேக் அட்ரிபியூட்ஸ் என்ற வரிகள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ உடையும். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்ற தகவலையும் நீங்களே தூக்கிப் போட்டுவிடுகிறீர்கள், பிகேசிஎஸ்1ஆ 8ஆ என்று சொன்னதே அதுதானே.

கோ மொழியில் பெம்.டிகோட் என்ற ஃபங்ஷன் ஒரு பிளாக்கையும் மீதியையும் திருப்பித் தரும். எரர் என்று எதுவும் தராது. பெம் கிடைக்காவிட்டால் பிளாக் நில், அவ்வளவுதான். அதைச் சோதிக்காமல் பிளாக்கின் பைட்டுகளைத் தொட்டால் புரோகிராமே விழும். கிடைத்த பிளாக்கின் வகையைப் பார்த்து, சர்டிபிகேட் என்றால் பார்ஸ்சர்டிபிகேட், பிரைவேட் கீ என்றால் பார்ஸ்பிகேசிஎஸ்8பிரைவேட்கீ, ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ என்றால் பார்ஸ்பிகேசிஎஸ்1பிரைவேட்கீ என்று பிரித்து அனுப்புங்கள். மாற்றிக் கொடுத்தால் எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று எரர் செய்தியிலேயே சொல்லிவிடும், அந்த விஷயத்தில் கோ ரொம்ப நாகரிகம். மீதியை வைத்து மறுபடி டிகோட், இப்படி நில் வரும்வரை சுற்றினால் எத்தனை சான்றிதழ் இருந்தாலும் கவலையில்லை.

பைத்தானில் கிரிப்டோகிராஃபி லைப்ரரி போதும். லோட்_பெம்_எக்ஸ்509_சர்டிபிகேட், லோட்_பெம்_பிரைவேட்_கீ. இரண்டுக்கும் கொடுக்க வேண்டியது பைட்ஸ், ஸ்டிரிங் இல்லை. கீயை ஏற்றும்போது பாஸ்வேர்டைக் கட்டாயம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நன் என்று எழுத வேண்டும். பூட்டாத கீக்குப் பாஸ்வேர்டு கொடுத்தாலும் அது எரர்தான். பிகேசிஎஸ்1, பிகேசிஎஸ்8, பழைய ஈசி வடிவம் எதுவாக இருந்தாலும் அந்த ஒரே ஃபங்ஷன் பார்த்துக்கொள்ளும், அதனால் அவசரத்துக்கு ஒரு ஃபைலைச் சோதிக்க எனக்குப் பைத்தான்தான் பிடிக்கும்.

ஜாவாவில் சான்றிதழுக்குப் பிரச்சினையில்லை, சர்டிபிகேட்ஃபேக்டரி பெம்மை நேராகவே படிக்கும். கீ விஷயத்தில்தான் பல வருடமாக நேரடி வழி இல்லாமல் இருந்தது. 2025இல் வந்த ஜாவா 25இல் ஜெப் 470 என்ற பெயரில் பெம் படிக்கும் வசதி முன்னோட்டமாக வந்திருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் பவுன்சி காஸில் லைப்ரரியின் பெம்பார்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாது என்றால் கீயை முதலில் பிகேசிஎஸ்8 ஆக மாற்றிவிடுங்கள், ஜாவாவின் சொந்தக் கருவிகளுக்குப் பழைய பிகேசிஎஸ்1 புரியாது:

ஓப்பன்எஸ்எஸ்எல் பிகேசிஎஸ்8 -டாப்கே8 -நோகிரிப்ட் -இன் பழையது.பெம் -அவுட் புதியது.பெம்

-நோகிரிப்ட் என்றால் பாஸ்வேர்டு இல்லாமல் வெறுமனே எழுதும். அதனால் வெளிவரும் ஃபைலுக்கு உடனே சிஎச்மோட் 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கலாம்) போட்டுவிடுங்கள். எஸ்எஸ்எச் கீயை மாற்றுவதென்றால் எஸ்எஸ்எச்-கீஜென் -பி -எம் பெம் -எஃப் என்று கொடுக்கலாம், முதல் எம் சின்ன எழுத்து, பெம் மட்டும் பெரிய எழுத்தில். ஆனால் அது இருக்கும் ஃபைலின் மேலேயே எழுதிவிடும். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அந்த நகலில் செய்யுங்கள்.

எரர் வந்தால் எந்த அடுக்கு?

"நோ ஸ்டார்ட் லைன்" என்றால் வெளி அடுக்கு. எதிர்பார்த்த பிகின் வரி கிடைக்கவில்லை. ஒன்று, ஃபைல் பெம்மே இல்லை, பைனரி டெர். இரண்டு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று முன்னால் இருக்கிறது. விண்டோஸ் பவர்ஷெல் 5.1இல் > குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பினால் அது யுடிஎஃப்-16 ஆக எழுதும். எடிட்டரில் ஒழுங்காகத் தெரியும், ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியாது. மூன்று, சாட் ஆப்பிலோ வேர்டிலோ ஒட்டி அனுப்பியபோது அந்த ஐந்து சின்னக் கோடுகள் நீளக் கோடாக மாறியிருக்கும். எக்ஸ்எக்ஸ்டி மாதிரி பைட்டுகளைக் காட்டும் ஏதாவது ஒரு கருவியில் முதல் பைட்டுகளைப் பாருங்கள். 2டி 2டி 2டி 2டி 2டி என்றிருந்தால் நல்லது, 30 82 என்றிருந்தால் டெர், இஎஃப் பிபி பிஎஃப் என்றிருந்தால் பிஓஎம் (யுடிஎஃப்-8 ஃபைலின் தொடக்க அடையாளம்), எஃப்எஃப் எஃப்இ என்றிருந்தால் யுடிஎஃப்-16.

ஜாவாவின் "இல்லீகல் பேஸ்64 கேரக்டர்" என்பது இரண்டாவது அடுக்கு. பின்னால் வருவது ஹெக்ஸ் எண் என்று தெரிந்தால் புதிர் அவிழ்ந்துவிடும். 2டி என்றால் கோடு, பிகின் வரியோடு சேர்த்து டிகோடரிடம் கொடுத்திருக்கிறீர்கள். வெறும் ஏ என்றால் வரிமுறிவு, டி என்றால் விண்டோஸ் வரிமுறிவின் முதல் பாதி, 20 என்றால் இடைவெளி, 5எஃப் என்றால் அண்டர்ஸ்கோர், யாரோ இணைய முகவரிக்கான பேஸ்64 வகையைக் கலந்திருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் அதிகம் வருவது என்விரான்மெண்ட் வேரியபிள் தொல்லை. பல வரி உள்ள கீயை ஒரே வரியில் அடைக்க, வரிமுறிவு இருக்க வேண்டிய இடத்தில் பேக்ஸ்லாஷும் என் எழுத்தும் என இரண்டு எழுத்தாக உட்கார்ந்திருக்கும். கூகுள் கிளவுடின் சர்வீஸ் அக்கவுண்ட் ஜேசன் ஃபைலில் கீ அப்படித்தான் இருக்கும், ஜேசன் பார்சர் வழியாகப் படித்தால் தானாகச் சரியாகும், கையால் நகலெடுத்து வேரியபிளில் ஒட்டினால் ஆகாது. நோடில் "டிகோடர் ரொட்டீன்ஸ் அன்சப்போர்ட்டட்" என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். அந்த இரண்டு எழுத்தை உண்மையான வரிமுறிவாக மாற்றினால் தீர்ந்தது.

இரண்டு ஃபைலை கேட் போட்டு ஒட்டும்போது முதல் ஃபைலின் கடைசியில் வரிமுறிவு இல்லாவிட்டால் எண்ட் வரியும் அடுத்த பிகின் வரியும் ஒரே வரியில் பத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். எடிட்டரில் ஒரு என்டர் தட்டினால் சரி.

குபர்நெட்டிஸ் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை. சீக்ரெட்டின் உள்ளே டேட்டா பகுதியில் இருக்கும் சான்றிதழ் பெரிய எல், பெரிய எஸ், சுழியம், சின்ன டி என்று தொடங்கும். ஐந்து கோட்டையும் பிகின் வரியையும் சேர்த்து மறுபடி ஒரு தடவை பேஸ்64 ஆக்கினால் அப்படித்தான் வரும். ஒரு தடவை பிரித்தால் பெம் கிடைக்கும், அதற்கப்புறம் வழக்கம்போல.

ஈசிபாராம் -ஜென்கீ கொடுத்து உருவாக்கிய ஃபைலில் முதலில் ஈசி பாராமீட்டர்ஸ் என்று ஒரு குட்டி பிளாக் இருக்கும், கீ அதற்கு அடுத்தது. முதல் பிளாக்கை மட்டும் படிக்கும் புரோகிராம் அங்கே தடுமாறும். மேலே சொன்னபடி சுற்றிச் சுற்றிப் படித்தால் இந்தத் தொல்லை வராது.

பிகின் வரிக்குக் கீழே ப்ராக்-டைப், டெக்-இன்ஃபோ என்று இரண்டு வரி இருந்தால் அது பழைய பாணியில் பூட்டிய கீ. பாஸ்வேர்டிலிருந்து சாவி தயாரிக்க எம்டி5ஐ ஒரே சுற்று ஓட்டும் முறை அது, இன்றைக்கு அது ஒரு பூட்டே இல்லை. திறந்து, புதிய பிகேசிஎஸ்8 வடிவில் மறுபடி பூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கீயும் சான்றிதழும் ஜோடிதானா?

"கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்" என்று வந்தால் நான்கு அடுக்கும் சரியாக இருக்கிறது, ஜோடிதான் தப்பு. ஆர்எஸ்ஏ கீயில் உள்ள மாடுலஸ் என்ற பெரிய எண்ணை எடுத்து எம்டி5 ஒப்பிடும் பழைய வழி இணையம் முழுக்கக் கிடக்கிறது, ஈசி கீயில் மாடுலஸே கிடையாது என்பதால் அது எல்லா இடத்திலும் உதவாது. இரண்டிலிருந்தும் பப்ளிக் கீயை எடுத்து ஒப்பிடுவதே நேர்வழி:

ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -இன் சர்வர்.பெம் -பப்கீ -நோஅவுட்

ஓப்பன்எஸ்எஸ்எல் பிகீ -இன் கீ.பெம் -பப்அவுட்

இரண்டும் ஒரே எழுத்துகளைக் கக்கினால் ஜோடி. பெரும்பாலும் நடப்பது, புதுப்பிக்கும்போது புதுக் கீ உருவாகி, சர்வரில் பழைய கீயே கிடப்பது. சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. அதிகபட்சம் 398 நாள் என்று இருந்ததை 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைக்க, சான்றிதழ் வழங்குபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் முடிவு செய்திருக்கிறது. ஆகவே இந்த ஒப்பீட்டைக் கையால் செய்யாமல் டிப்ளாய் ஸ்கிரிப்டிலேயே போட்டுவிடுங்கள்.

பிரிக்கும் வேலைக்கு ஆன்லைன் டிகோடர்கள் நிறைய உண்டு. சான்றிதழை அங்கே ஒட்டுவதில் பெரிய ஆபத்தில்லை, இணையத்துக்கு வழங்கிய சான்றிதழ்கள் எப்படியும் பொதுப் பதிவேடுகளில் கிடக்கின்றன, உள் சர்வர்களின் பெயர் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பிரைவேட் கீயை எந்தத் தளத்திலும் ஒட்டாதீர்கள், சாட்டிலும் டிக்கெட்டிலும் போடாதீர்கள், கிட்டில் கமிட் செய்யாதீர்கள். ஒட்டிவிட்டால் அழித்தால் போதும் என்று இருக்க வேண்டாம்: புதுக் கீ உருவாக்கி, புதுச் சான்றிதழ் வாங்கி சர்வரில் ஏற்றி, பழையதை ரிவோக் செய்யச் (செல்லாததாக்கச்) சொல்லுங்கள், இதே வரிசையில். முதலில் ரிவோக் செய்துவிட்டால் நடுவில் தளம் படுத்துவிடும்.